அன்செல்மோவின் வாய்மொழித் தேர்வு

நெலிதா: சும்மா உள்ள துழாவாத கிழவா. ஒரு நம்பர் கட்டையை எடு.

அன்செல்மோ: எடுக்கிறேன்... இந்த லோட்டோப் பை ஏன் பிசுபிசுங்குது? உன் தம்பி பீட்சா தின்ன கையோட ஆடினானா?

நெலிதா: நம்பரைச் சொல்லு.

அன்செல்மோ: நாலு.

நெலிதா: நாலாம் பாடம், வேலையின்மை. சொல்லுங்க அன்செல்மோ லெதெஸ்மா ஐயா, வேலையில்லாதவர்னு யாரைச் சொல்றோம்?

அன்செல்மோ: உன் தம்பியை.

நெலிதா: தப்பு.

அன்செல்மோ: எது தப்பு? ரெண்டு வருஷமா சோபாவை விட்டு எந்திரிக்கல!

நெலிதா: வேலை தேடுறானா?

அன்செல்மோ: ரிமோட்டைத் தேடுறான்.

நெலிதா: தேடினாத்தான் வேலையில்லாதவன். தேடாதவனை அந்தக் கணக்குல சேர்க்க மாட்டாங்க.

அன்செல்மோ: அப்ப புத்தகப்படி அவன் யாரு?

நெலிதா: அந்தக் கணக்குல... யாருமில்ல.

அன்செல்மோ: இதுக்குப் பேரியல் பொருளாதாரம் எதுக்குடி? எங்கம்மா நம்ம கல்யாணத்தன்னிக்கே அவனைப் பாத்துச் சொல்லிட்டாங்க.

நெலிதா: நாளைக்குத் தேர்வு மேசைக்குப் பின்னாடி மூணு பேர் உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்டயும் இப்படித்தான் பேசப் போறியா?

அன்செல்மோ: மூணு பேரும் நம்ம மகளைவிடச் சின்னவங்க. ஒருத்தனுக்குத் தாடியே ஒழுங்கா முளைக்கல. கம்பிக் கூண்டைச் சுத்துவான், உருண்டை விழும். "ஆறாம் பாடம், பேசுங்க"ம்பான். அம்பத்தொம்பது வயசு ஆளு நின்னு பேசணும். பரீட்சையா, லாட்டரிக் குலுக்கலா?

நெலிதா: சரி சரி. இந்தா, மாத்தே டீ. தொண்டை நனையட்டும்.

அன்செல்மோ: ம்... நன்றி.

நெலிதா: நன்றியா? அப்ப போதும்னு அர்த்தம். இனி உன் முறைக்கு ஊத்த மாட்டேன்.

அன்செல்மோ: ஏய், வாய் தவறி வந்துடுச்சு! ஊத்து, ஊத்து...

நெலிதா: முதல் மடக்குக்கே நன்றி சொன்ன ஆளை நம்ம ரொசாரியோ ஊர்ல இன்னிக்குத்தான் பாக்குறேன். அவ்வளவு பயமா?

அன்செல்மோ: பயமா? எனக்கா? முப்பத்தோரு வருஷம்...

நெலிதா: "சூப்பர்மார்க்கெட்ல விலைச்சீட்டு ஒட்டினவன் நான்." தெரியும். அடுத்த கட்டையை எடு.

அன்செல்மோ: ஒன்பது. ஐயோ.

நெலிதா: பணவீக்கத்துல எதிர்பார்ப்போட பங்கு.

அன்செல்மோ: அது வந்து... மக்கள்... இரு, பக்கத்தோட மேல, பச்சை மையில எழுதியிருந்தேன்...

நெலிதா: மையை விடு. விலை ஏன் ஏறுது?

அன்செல்மோ: ஏறும்னு எல்லாரும் நினைக்கிறதால ஏறுது! எண்ணெய் லாரி இன்னும் ரோட்டுல வந்துக்கிட்டிருக்கும். மேனேஜர் மாடியிலேருந்து கத்துவான், "அன்செல்மோ, எண்ணெய்க்குப் புதுச் சீட்டு!" அலமாரில நிக்கிறது பழைய விலைக்கு வாங்கின பாட்டில். லாரிக்கு முந்தி விலை வந்துடும். அதைப் பாத்து ஜனம் மூணு மூணு பாட்டிலா அள்ளும். அலமாரி காலி. சாயங்காலம் இன்னொரு சீட்டு.

நெலிதா: இரு, இரு. இன்னொரு தடவை சொல்லு.

அன்செல்மோ: என்ன அப்படிப் பாக்குற?

நெலிதா: அதுதான்யா ஒன்பதாம் பாடம். முழுசா.

அன்செல்மோ: போடி. அது என் பொழப்பு. பாடத்துல வளைகோடு இருக்கு.

நெலிதா: எல்லாரும் ஏறும்னு நினைச்சா அந்த வளைகோடு அப்படியே மேல நகரும். அவ்வளவுதான்.

அன்செல்மோ: நோட்டு மூடியிருக்கு. கண்ணாடியும் போடல. உனக்கு எப்படித் தெரியும்?

நெலிதா: ஒரு வருஷமா இந்தச் சமையக்கட்டுல கத்திக் கத்திப் படிக்கிற. பக்கத்து வீட்டு நாயே பாஸாயிடும்.

அன்செல்மோ: அப்ப நாளைக்கு நாயை அனுப்பு. நான் போறதா இல்ல.

நெலிதா: நாளையை விட்டா உன் வருகைப்பதிவு காலாவதி. மறுபடி எல்லா வகுப்புலயும் முதல்லேருந்து உக்காரணும்.

அன்செல்மோ: உக்காந்தாப் போச்சு.

நெலிதா: உக்கார மாட்ட. உன்னைத் தெரியாதா? ...எதுக்குய்யா இந்த வயசுல இந்தப் படிப்புல போய்ச் சேர்ந்த? அதையாவது சொல்லு.

அன்செல்மோ: ஒரு பொம்பள.

நெலிதா: ஓகோ!

அன்செல்மோ: ஓகோ இல்ல. கடையில, பாஸ்தா பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. நகத்தால சீட்டைச் சுரண்டினா. கீழ ஒண்ணு. அதையும் சுரண்டினா. அதுக்கும் கீழ ஒண்ணு. மூணும் அந்த வாரம் நான் ஒட்டினது. அவ திட்டல. "ஏங்க இப்படி?"ன்னு கேட்டா. மேல சொன்னாங்கன்னேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல...

நெலிதா: இப்ப வந்து கேட்டா?

அன்செல்மோ: பாதி சொல்வேன்.

நெலிதா: பத்துக்கு நாலு வாங்கினா பாஸ். பாதிக்கும் கம்மி. போய்ச் சொல்லிட்டு வா.

அன்செல்மோ: நாளைக்கும் வாத்தியார்கள் வேலைநிறுத்தம் பண்ணினாலும் பண்ணுவாங்க.

நெலிதா: ரேடியோல ஒண்ணும் சொல்லல.

அன்செல்மோ: ஜூலைப் பரீட்சையன்னிக்கு மட்டும் சொன்னாங்களா? ரெண்டு பஸ் மாறிப் போறேன், கதவுல பூட்டு! வாத்தியார்கள் வாசல்ல மேளம் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

நெலிதா: மேளம் வேறயா?

அன்செல்மோ: இவ்வளவு பெரிய மேளம்!

நெலிதா: ம்...

அன்செல்மோ: என்ன 'ம்'? உக்காந்த இடத்துலேருந்து பேசுறது சுலபம். வகுப்புக்கே போகாதவங்களையும் நேராப் பரீட்சைக்கு விடுறாங்க, தெரியுமில்ல? பேரைக் குடுத்துட்டு அந்தக் கூண்டுக்கு முன்னால ஒரு தடவை நின்னு பாரு. கால் நடுங்குதா இல்லையான்னு வந்து சொல்லு.

நெலிதா: நடுங்குச்சு. எனக்கு ஆறாம் பாடம் விழுந்துச்சு, ஏழு மார்க் போட்டாங்க. ஜூலையில பூட்டும் இல்ல, மேளமும் இல்ல, கிழவா. ரோட்டுக்கு எதிர்ப்பக்கப் பெஞ்சுல நீ உள்ள வராம உக்காந்திருந்தது சன்னல் வழியாத் தெரிஞ்சுது... உன் பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. அடுத்துக் கூப்பிட்ட பேரு என்னோடது.