சம்பளத்துக்குக் கிடையாது

ஹலோ... ஆமா, நோயாளி வண்டி ஆபீஸ்தான்... ஆமா ஆமா, நான்தான் பேசுறேன். யாரு, பவுண்டேஷன் தம்பியா? அப்பாடா! காலையிலேர்ந்து உங்களுக்கு எத்தனை தடவை அடிச்சேன்... சரி சரி, மீட்டிங். இருக்கட்டும். நான் கேட்டது பாஸ் ஆயிடுச்சா?... டிரைவர் சம்பளம் தம்பி. அது ஒண்ணுதானே கேட்டேன்.

ம்... ம்... நிர்வாகச் செலவா? வண்டி ஓட்டுறது நிர்வாகமா? எங்க வேலையே அதுதான் தம்பி. கிட்னி போனவங்களை எங்க ஆபீஸ் வாசல்லேர்ந்து ஏத்தி, டயாலிசிஸுக்குக் கொண்டு விட்டு, முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து விடறது... புரியுது, புரியுது. சம்பளத்துக்குன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. குடுக்கற காசு நேரா நோயாளிக்குப் போய்ச் சேரணும். சரி, நோயாளி எப்படிப் போய்ச் சேருவாரு?

...இல்லல்ல, கோபம் இல்ல. சொல்லுங்க... என்னது? இன்னொரு வண்டியா?... ஏசி வண்டி வேறயா! தம்பி, நீங்க ஏற்கெனவே குடுத்ததே நேத்திலேர்ந்து நிக்குது. டிரைவர் சாவிய மேசைல வச்சிட்டுப் போயிட்டாரு. மூணு மாசம் பாக்கி, அவரும் எவ்வளவுதான் பொறுப்பாரு? ரெண்டு வண்டிய வச்சிகிட்டு நான் என்ன பண்ண, நடுவுல கயிறு கட்டித் துணி காயப்போடவா?

ஆமா... ஆமா... மாநாடா? இன்னிக்கு சாயங்காலமா?... "வளரும் ஈகை". நல்ல பேரு... எத்தனை ஆயிரம் அமைப்பு?... அடேங்கப்பா. எல்லாருமா சேர்ந்து தர்மத்துக்குக் குடுக்கறது வருஷத்துக்கு அத்தனை கோடியா! போன வருஷத்தை விட ஜாஸ்தியா? சந்தோஷம் தம்பி. வயிறு எரியுது, ஆனா சந்தோஷம். அத்தனை கோடியும் எங்க தெருமுனை வரைக்கும் வந்து, போர்டைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுது போல... ஹோட்டல்லயா? ஹால் வாடகையே எவ்வளவு ஆகும்?... ஓஹோ, அது விழிப்புணர்வுக் கணக்கு. அது நிர்வாகத்துல வராது. சரி சரி.

மேடைல நான் அஞ்சு நிமிஷமா?... நோயாளிங்கள்ல ஒரு ரெண்டு பேரும் கூட வரணுமா?... கொஞ்சம் பளிச்சுனு இருக்கறவங்களா? தம்பி, இன்னிக்கு அவங்களுக்கு டயாலிசிஸ் முறை. போகலைன்னா ராத்திரிக்குள்ள மூச்சு வாங்கும், காலெல்லாம் நீர் கோத்துக்கும். எங்கேர்ந்து பளிச்சுனு இருக்கறது?

உங்க பேர் எழுதின வண்டியிலயே வந்து இறங்கணுமா? அதான் சொல்றேனே, ஓட்ட ஆள் இல்லன்னு... நீங்களே அனுப்பறீங்களா? யாரை?

...யாரு? திரும்பச் சொல்லுங்க... எங்க டிரைவரா?... உங்க தலைவர் காருக்கா? இன்னிக்குக் காலையிலேர்ந்தா?... எவ்வளவு சம்பளம்?...

ரெண்டு மடங்கு.

...இருக்கேன், இருக்கேன். லைன் நல்லாத்தான் இருக்கு... அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குது. சாவிய வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கல, நான் சம்பளக் கோபம்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அஞ்சு நோயாளிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா நிர்வாகச் செலவு. அதே ஆள் உங்க தலைவரை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா அது என்ன செலவு?... கேட்டுச் சொல்றீங்களா? கேளுங்க, கேளுங்க. கேட்டு எழுத்துல அனுப்புங்க.

சரி, மாநாட்டுக்கு அனுப்பற ஆளை இப்பவே அனுப்புங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு நடை. உங்க கிட்ட கெஞ்சறேன்னே வச்சுக்கோங்க... ஏன்?... தலைவர் முடி வெட்டிக்கப் போகணுமா...

இருங்க. டீச்சரம்மா, யார் உங்களை ஏறச் சொன்னது?... உங்களை இல்லீங்க தம்பி, வாசல்ல நிக்கறேன். இன்னிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அஞ்சு பேரும் வண்டில ஏறி அவங்கவங்க இடத்துல உக்காந்துட்டாங்க. உங்க போன் வரும், எப்படியாவது சரியாயிடும்னு நான் யாருக்கும் எதுவும் சொல்லல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காருன்னு அவங்கள்ல தையல்காரர் ஒருத்தர் எல்லாருக்கும் சமாதானம் சொல்லிட்டு இருக்காரு.

...என்ன, மேடைக்கு என் பேரைப் போட்டுக்கவா? போட்டுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுங்க. இவங்களை என்ன சொல்லி இறக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க... இதோ, ஜன்னல் கிட்ட வந்துட்டேன். டீச்சரம்மா, கொஞ்சம் இதைக் கேளுங்க... ம், சொல்லுங்க தம்பி...

ஹலோ?... ஹலோ?