தீப்பொறியின் கடைசிக் கூச்சல்

மின்விசிறியை அணைத்துவிடுகிறேன், பாப்பா. ஓடினால் உன் பதிவில் கரகரவென்று விழும். கொஞ்சம் புழுங்கும், பெரியப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்.

அந்தக் கார்ட்டூன் எபிசோடு இத்தனை வருடம் கழித்தும் ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று கேட்டாய். படம் ஒன்றும் பிரமாதமில்லை. வெள்ளிக் கழுகு பறக்கும்போதெல்லாம் அதே மேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அதுவரை கழுகு ஒரு தொடர், தீப்பொறி வேறு தொடர். இரண்டு வீரர்களும் ஒரே கதைக்குள் வந்தது அன்றைக்குத்தான். யார் பெரியவன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். கழுகுக்கு என் குரல். தீப்பொறிக்கு உன் அப்பன் குரல்.

அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டிவந்ததே நான்தான். அண்ணே அண்ணே என்று சுற்றிவருவான், கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். அவன் சிரித்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளரும் சிரிப்பார். நான் பேசினால் கடிகாரத்தைப் பார்ப்பார். இது நன்றாகப் போனால் இருவரையும் சேர்த்துப் புதுத்தொடர் வரும், அதில் தீப்பொறிதான் நாயகன் என்று தயாரிப்பாளர் என் காதுபடவே சொன்னார். கழுகு அவனுக்கு எடுபிடியாம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பதிவுக்கு முன்னால் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறுநாள் அவனுக்கு வேறு வேலை இருந்ததால் பரிசோதனை முடிவு கேட்கவும் நானே போனேன். உள்ளே புண்ணாகியிருக்கிறது, ஒரு மாதம் கத்தவே கூடாது, மீறினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும், தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்றார்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?" என்றான் உன் அப்பன்.

"ஒன்னுமில்லடா, வெறும் சூடு. நல்லா கத்து, சரியாயிரும்."

எங்கள் தொழிலில் கத்துகிற வசனத்தைக் கடைசியில்தான் எடுப்போம். அதுவும் ஒரே தடவை. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்கள் அல்லவா. அன்று வசனப் பதிவை நடத்தும் பொறுப்பு என் கையில் இருந்தது. எரிகிற கோபுரத்துக்குள் மாட்டிக்கொண்ட தீப்பொறி, கழுகைத் தப்பிக்கச் சொல்லிக் கத்தும் காட்சி. முதல் தடவையே அருமையாக வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் இன்னொன்று கேட்டேன். பிறகு இன்னொன்று. நடுவில் வாயைத் துடைத்த கைக்குட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தான். அதில் சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன். எங்கே அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று அவனுக்குப் பயம்.

"இன்னும் ஒரே ஒரு தடவ, தம்பி" என்றேன்.

"நீ போ அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் வசனம். அண்ணா என்ற இடத்தில் குரல் கிழிந்தது. மிச்சமெல்லாம் வெறும் காற்று. வளர்ந்த ஆண்கள்கூட அந்த இடத்தில் அழுகிறார்கள். அப்படியெல்லாம் நடிக்க முடியாது, பாப்பா. நிஜமாகவே போனால்தான் அப்படி இருக்கும். எடுத்ததில் அதைப் பொறுக்கி வைத்தது நான்தான். அந்த ரசனை எனக்கு எப்போதும் உண்டு.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நீ அப்போது பிறக்கவே இல்லை. உன்னைப் பெயர் சொல்லி ஒரு தடவைகூட அவன் கூப்பிட்டதில்லை என்பதை நினைத்து நான் வருத்தப்பட்டதுண்டு. புதுத்தொடர் வந்தது. கழுகுதான் நாயகன். நல்ல தொடர்தான், ஆனால் இன்றைக்கு யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் அந்தக் காட்சி ஓடும்போது அவன் முகத்தை நீ பார்த்திருப்பாய். அது தன் நடிப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனிடம் வேறு என்ன இருக்கிறது, சொல்? அதையும் பிடுங்கிக்கொள்ள உனக்கு மனம் வந்தால் போய்ச் சொல். நான் அத்தனை கல்நெஞ்சக்காரன் இல்லை.