பவுனுத்தாய் உட்கார்ந்த கல்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கரிசல் காட்டுக்கு நடுவே முள்ளிக்கரைப்பட்டி என்று ஓர் ஊர். வானம் பொய்க்கும், தீப்பெட்டி ஆபீஸ் பொய்க்காது. அந்த ஊரில் எங்கள் கொடிவழிக்காரி ஒருத்தி இருந்தாளாம். பேர் பவுனுத்தாய். கட்டையில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவளாம்.

தோற்றவள் என்றதும் சிரிக்காதீர்கள். வாத்தியார் கொடுத்த நோட்ஸை அட்டை முதல் அட்டை வரை ஒப்பித்தவள் அவள். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். தலைக்குள் ஒன்றுமே இல்லையாம்.

அவள் அக்கா மகள் செண்பகவல்லி. பள்ளிக்கூடம் போகுமுன் அவளும் ஆபீஸ் வாசல் மரத்தடியில் கட்டை அடுக்குவாள். "பத்தாவது தேறலன்னா பொழுதன்னைக்கும் கட்டைதான்" என்று அப்பன் சொல்லிவிட்டான். அவளும் மடியில் புத்தகத்தை விரித்துப் படித்தாளாம், படித்தாளாம், பத்துத் தடவை படித்தாளாம்.

"என்னட்டி படிச்ச?"

"எல்லாம் படிச்சேன் சித்தி."

"சரி, மூடு. செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கு, சொல்லு."

செண்பகவல்லியின் கண் புத்தகத்துக்குப் போனது.

"அங்க என்னட்டி பார்வை? பரீட்சைக்கு அது கூட வருமா?"

பவுனுத்தாய் புத்தகத்தைப் பிடுங்கினாள். மரத்தடிக் கல்லில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆத்தாடி! சரஸ்வதி மேலயாட்டி உக்காந்திருக்க?" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள் பெண்கள்.

"சரஸ்வதி தாங்குவா. இவ ஒளிச்சுப் பாக்காம இருக்கணும்லா."

அன்றிலிருந்து கை கட்டையில், வாய் பாடத்தில், புத்தகம் பவுனுத்தாய்க்கு அடியில். கேட்பாளாம், திணற விடுவாளாம், அப்புறம்தான் எழுந்து பக்கத்தைக் காட்டுவாளாம். பதில் தப்பிய கேள்வி சீட்டில் ஏறிக் காலித் தீப்பெட்டிக்குள் போகும். மறுநாள் அது வரும். மூன்றாம் நாள் வரும். மறந்தே போன அடுத்த வாரமும் வரும், திருப்பிப் போட்டும் வரும். பார்த்த பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஏழு பேரும் தேறினார்கள். அங்கேதான் வினை.

நோட்ஸ் வாத்தியாரிடம் படித்த பையன்களில் பாதிப் பேர் தோற்றிருந்தார்கள். அவர் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாராம். "கலைமகள் மேல உக்காந்தவளுக்கு இந்த ஊர்ல என்ன வேலை? ஏழும் தேறினது என் நோட்ஸால."

ஊர்ப் பெரியவர் திரும்பினார். "செண்பகவல்லி, நீ சொல்லு தாயி. ஒனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

அவள் டீச்சர் டிரெய்னிங் சேர வேண்டும். அதற்கான நன்னடத்தைச் சான்றிதழ் வாத்தியார் கையில். சித்தியைப் பார்த்தாளாம். வாத்தியாரைப் பார்த்தாளாம். எதைத் திருப்பிப் போட்டாலும் பதில் சொல்கிறவள், அந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்கவில்லை. மற்ற ஆறு பேரும் திறக்கவில்லை.

பவுனுத்தாய் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துச் செண்பகவல்லி கையில் வைத்தாளாம். "இந்தக் கேள்வியையும் எழுதி உள்ள போட்டுக்கோட்டி" என்றாளாம். ஊரை விட்டு நடந்தாள். திரும்பவே இல்லை.

பாவம், பயந்த பிள்ளைகள் என்று சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். ஏழு வாயில் ஒரு வாய் போதாதா?

செண்பகவல்லி டீச்சரானாள். அந்தச் சீட்டு அவளை விடவில்லை போலிருக்கிறது. தலை நரைத்த பிறகு ஊருக்கு வந்து, கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, "ஒனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?" என்று கேட்டாளாம். "பவுனுத்தாய்" என்று பதிலையும் அவளே சொல்லிக்கொடுத்தாளாம்.

அதனால்தான் அது பவுனுத்தாய் கல். இன்றைக்கும் பரீட்சைக்கு முதல் நாள் அதற்குச் சந்தனம் பூசி, புத்தகத்தை மேலே வைத்துக் கும்பிடுகிறார்கள். உட்காருவார் யாருமில்லை. பூசாரி கேட்கிறார்: "ஒனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?" பிள்ளைகள் ஒரே குரலில் "பவுனுத்தாய்!" என்று கத்திவிட்டு, கைடைப் பத்துத் தடவை படிக்க வீட்டுக்குப் போகிறார்கள்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, "அவளை வெரட்டுனது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். ஊரே முழிக்கும்.