தண்ணிக் கழிவு

– கோர்ட்டு வராந்தாவுல வச்சு மானத்த வாங்காதீங்க ஸுபைதாம்மா. நான் தேயிலக் கொழுந்துக் காசு பாக்கி வச்சிருக்கிற முப்பத்தெட்டுப் பேரும் என் கடன் கட்டுற திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க மட்டும் ஆட்சேபண குடுத்திருக்கீங்க.

– குடுக்காம? லொறி எடுக்க பன்னெண்டு லட்சம் தந்தன், காத்தமுத்து. வட்டி ஹறாம்னு ஒரு சதம் கேக்கல்ல. இப்ப பத்து வருஷத்துல கட்டுறன்னு எழுதீக்கிறீங்க. என்ட மகள் சஜீதா அதுவரைக்கும் கல்யாணமில்லாம குமராவே ஈக்கவா?

– மாசம் பத்தாயிரம் தாறேன்ல?

– அவட சீதன ஊட்டுக்கு வெச்ச காசு அது. போட்ட அத்திவாரத்துல புல்லு மொளச்சி மாடு மேயுது.

– நான் வேணும்னா முங்குனேன்? டீசல் வெல ஏறுச்சு, பெக்டரி காசு தரல. ஓடி ஒளியாம, கடன் கட்ட முடியல, வங்குரோத்துன்னு நானே கோர்ட்டுக்கு வந்து சொன்னேங்க. இருபது வருஷமா நிவித்திகலயில உங்க கொழுந்த நாந்தானே ஏத்துறேன்? ஒரு நாளு வாட விட்டிருப்பேனா?

– வாட விடல்ல. நிறுக்கக்குள்ள சாக்குக்கு நாலு கிலோ தண்ணின்னு வெட்டினீங்க. மழைக்கு வெட்டினா சரி. பெப்ரவரி வெயில்ல கொழுந்துல எங்க தண்ணி?

– எல்லா லொறிக்காரனும் வெட்டுறதுதானே! நானா புதுசாக் கண்டுபுடிச்சேன்?

– அந்தப் பழக்கத்துலதான் கோர்ட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டீங்க.

– என்னத்த?

– மாசாமாசம் கட்ட காசு எங்கருந்து வருதுன்னு கேட்டாங்கதானே. ஒங்கட லோயர் சிங்களத்துல எழுதினத சஜீதா நேத்து வாசிச்சா. லொறிக் கூலி இவ்வளவு. தண்ணிக் கழிவு இவ்வளவு.

– அட, அதுவும் வருமானந்தானேங்க! ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு லோயர் மாத்தயாதான் சொன்னாரு.

– என்ட கடன என்ட கொழுந்தக் களவெடுத்து அடைக்கப் பாக்கிறீங்க. வெக்கமில்லயா?

– மெதுவாப் பேசுங்கம்மா... அந்த பேப்பர வேற யாரு பாத்தா?

– சஜீதா ஊடு ஊடாப் போய் தமிழ்ல சொல்லிக் குடுத்தா. முப்பத்தெட்டு ஊட்டுக்கும்.

– அதான் காலையில ஒரு சாக்குகூட ரோட்டுக்கு வரலயா?

– சாக்கெல்லாம் வேற லொறியில போயிட்டு. ஆளுங்க உள்ள குந்திட்டு ஈக்கிறாங்க, போட்ட கையெழுத்த வாபஸ் வாங்க. நடங்க, ஒங்கட பேரத்தான் கூப்புடுறாங்க.