இன்னொரு படம்

— இந்தப் போத்தலையும் குடிச்சு முடிங்க. நர்ஸ் தங்கமணி இப்பக் கூப்பிட்டுருவாங்க.

— போதும்லா நல்லம்மா. வயிறு தண்ணித் தொட்டியாட்டம் ஆயிருச்சு.

— டாக்டர் என்னா சொன்னாரு? மூத்திரப் பை நிறைஞ்சிருந்தாத்தான் குடல் மேல ஒதுங்கி நிக்குமாம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பாத்துப் புத்துநோய் இருக்கிற எடத்துக்குக் கோடு போட்டு வச்சிருக்காங்க. இன்னிக்குத்தான் மொத ரேடியேஷன், அது அங்க மட்டும் படும், நல்ல சதைக்கு ஒன்னும் ஆகாது. குடிங்க.

— கிள்ளான் ஸ்டேசன்ல உங்கப்பா கோப்பிக் கடை ஞாபகம் வருது. காலிப் பால் டின்னுல பால் கலக்காத கோப்பி ஓ ஊத்தி, கயிறு கட்டி, நீதான் நான் ஓட்டுற இஞ்சினுக்குக் கொண்டாந்து நீட்டுவ.

— மறக்குமா? கார்டு பச்சைக் கொடி காட்டினாலும் நீங்க வண்டிய எடுக்க மாட்டீங்க. ஸ்டேசன் மாஸ்டர் வந்து ஏசுவாரு.

— டின்னைத் திருப்பிக் கொடுக்கிறப்ப உன் விரல் படும்லா. அதுக்காகவே ஒரே மடக்குல குடிப்பேன். அப்புறம் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேசன் வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு ஓட்டணும். ஷா ஆலம் பக்கம் அப்ப வெறும் ரப்பர் காடு. வண்டிய நிறுத்திட்டு எறங்கவா முடியும்?

— ஐயோ ஆண்டவா, இத்தனை வருசத்துல ஒரு நாளாவது சொன்னீங்களா?

— அதுல பட்டுத்தான் அந்தப் பழக்கம் வந்துச்சு. ஏறுறதுக்கு முன்னாடி ஒன்னுக்குப் போயிட்டுத்தான் ஏறுவேன்.

— நல்ல பழக்கந்தானே. அதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீங்க?

— படம் எடுத்த அன்னிக்கும் போயிட்டுத்தான் படுத்தேன்.

— என்னாங்க சொல்றீங்க!

— பேர் கூப்பிட்டாங்க, கால் தானா டாய்லெட்டுக்குப் போயிருச்சு. "தண்ணி குடிச்சீங்களா அங்கிள்"னு கேட்டாங்க. குடிச்சேன்னு சொல்லிட்டேன்.

— அப்ப காலிப் பைய வச்சா கோடு போட்டிருக்காங்க? நல்ல எடமெல்லாம் வெந்து போயிரும்! இப்பவே சொல்லுங்க அவங்ககிட்ட.

— சொன்னா மறுபடி படம் எடுக்கிற அந்தக் குழாய்க்குள்ள தள்ளுவாங்க. அசையக் கூடாது, காதுகிட்ட டமார் டமார்னு சத்தம், மூச்சே நின்னுரும் போல. காலமெல்லாம் ரயில் ஓட்டினவன், அதுக்குள்ள கெடந்து அழுதேன் நல்லம்மா.

— தங்கமணி! கொஞ்சம் இங்க வாம்மா. இவரு அன்னிக்கு ஒன்னுக்குப் போயிட்டு வந்து படம் எடுத்திருக்காரு.

— என்னா அங்கிள் இது! டாக்டர் கூட, பை ஏன் இவ்ளோ சின்னதா இருக்குன்னு கேட்டாரு. இன்னிக்கு ரேடியேஷன் வேணாம். கீழ எம்.ஆர்.ஐ. ரூம் காலியாத்தான் இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லிட்டு இப்பவே இன்னொரு படம் எடுத்துரலாம்.

— நானும் உள்ள வந்து இவரு காலைப் புடிச்சுக்கலாமா?

— வரலாம் ஆன்டி. ஆனா உள்ள இருக்கிறது பெரிய காந்தம்லா. தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழட்டணும். தாலியும்தான்.

— வேணாம் நல்லம்மா. நான் உசுரோட இருக்கிறப்ப அதையேன் கழட்டுற? நான் தனியாவே போயிக்கிறேன்.

— நீங்க உசுரோட இருக்கணும்னுதான். இந்தா திரும்பிக்கிறேன், முடிச்சு பின்னால இருக்கு. கட்டினவரு நீங்கதானே, நீங்களே அவுத்து விடுங்க.