இரண்டாவது கார்டுதான் ஸ்மூத்

லிட்டில் இந்தியாவில் ஏறிய இரண்டு நண்பர்கள், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, பொங்கோல் போகும் ரயிலில் என் பக்கத்தில் நின்றார்கள். கண்ணாடி போட்டவர் ஆரம்பித்தார்.

"என்னை மாதிரி ஒரு நிபுணன் சிங்கப்பூர்லயே கிடையாது லா."

"ஏன்டா?"

"கேம்ல படம் திக்காம ஓட ரெண்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணேன்ல? ரெண்டாவதுதான் ஸ்மூத்துன்னு குரூப்ல கட்டுரையே எழுதினேனே?"

"அதைப் படிச்சுத்தானே நானும் அதையே வாங்கினேன்."

"நேத்து கம்ப்யூட்டருக்குப் பின்னாடி தூசி தட்டுறப்பதான் பாக்குறேன். ஸ்க்ரீன் வயரை கார்டுல சொருகவே இல்லை. கம்ப்யூட்டரோட மதர்போர்டுலயே சொருகியிருக்கேன். ரெண்டு கார்டும் வேலையே செய்யாம சும்மா உக்காந்திருந்திருக்கு."

"அப்ப எதைப் பாத்து ஸ்மூத்துன்னு எழுதுன?"

"விலையைப் பாத்துதான்."

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். பூன் கெங் நிலையம் தாண்டியதும் சிரிப்பு சட்டென்று நின்றது.

"டேய், என் வீட்டுக்கு வந்து கார்டு மாட்டிக் குடுத்தது நீதானே?"

 தன் நிறுத்தமான ஹவ்காங்கில் இறங்கக் கதவு வரை போன கண்ணாடிக்காரர், திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வா, உன் வீட்டுக்கே போவோம்."