பொத்தான் யார் கையில்

– அந்த நீளக் குழல் துப்பாக்கியைக் கீழ வைங்கண்ணே. ஸ்கீட் போட்டிக்கு அது சரிப்படாது.

– ஏன்யா? இத்தனை வருஷமா இதே நீளத்துலதான் சுடுறேன். நீ வித்ததுதானே?

– வித்தேன், இல்லேங்கல. அது ட்ராப் போட்டிக்கு. அங்க மிஷின் வீசுற மண் தட்டு உங்களை விட்டு விலகிப் பறக்கும், நீங்க துரத்திச் சுடுவீங்க. ஸ்கீட்டுல ரெண்டு பக்கக் கூண்டுலேர்ந்தும் குறுக்க பாயும். துப்பாக்கி இடுப்புலேர்ந்து தோளுக்கு ஏறணும், சட்டுனு திரும்பணும். இந்தக் குட்டைக் குழலை எடுங்க. இதுக்கு வாயும் அகலம், ரவை சீக்கிரமா விரிஞ்சு போகும்.

– சரி. இதையே கட்டு.

– என்னது, இதையே கட்டா? விலை கேக்கல, நொட்டை சொல்லல... அண்ணே, போன தடவை ஒரு தோள்மெத்தைக்கு மத்தியானம் பூரா பேரம் பேசினீங்க. உங்களை அனுப்பிட்டு நான் சோடா குடிச்சேன். இன்னைக்கு என்ன, கரகரன்னு ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கிறீங்க? சளியா?

– சளி இல்லய்யா. தொண்டையில கட்டி. புதன்கிழமை குரல்வளையை எடுக்கிறாங்க.

– அண்ணே...

– மூஞ்சியை அப்படி வச்சுக்காத. உயிருக்குப் பயமில்லைங்கிறார் டாக்டர். பேச்சுதான் இருக்காது.

– அதான் ட்ராப்பை விடுறீங்களா?

– வேற வழி? அங்க நம்ம குரல் மைக்குல விழுந்தாத்தானே தட்டு பறக்கும். நான் வாயை வாயைத் திறந்துட்டு நின்னா அது என்னத்தைக் கேக்கும்? ஸ்கீட் மைதானத்துல இன்னும் பழைய பொத்தான்தான். ஆள் உக்காந்து அழுத்தணும்.

– அந்த ஆளுக்கு நீங்க தயார்னு எப்படித் தெரியும்? தலையாட்டினா கண்ணு விலகும். விரலைத் தூக்கினா பிடி தளரும். உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணுமே.

– அதுக்குத்தான் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்தேன். வண்டியை நிறுத்திட்டு வர்றா. அவளால முடியலைன்னா இது வேண்டாம். வீட்டுல இருக்கிற துப்பாக்கியையும் நீயே எடுத்துக்க. அதோட சரி, என் ஆட்டம்.

– அட, அண்ணி! வாங்க வாங்க. இப்பத்தான் கடைக்குள்ள கால் வைக்கிறீங்க. அண்ணன் பேச்சைக் கேக்கன்னே இங்க நாலு பேர் வந்து நிப்பாங்க. வீட்டுல உங்களுக்குக் காது புளிச்சிருக்கும்.

– அப்படியா தம்பி? இங்க நல்லாப் பேசுவாரா?

– பேசுவாராவா! சரி, இப்ப ஒரு சின்னப் பரீட்சை. குழல் காலி, பார்த்துட்டேன். அண்ணன் அந்தச் சுவரைப் பார்த்துத் துப்பாக்கியோட நிப்பார். சத்தம் கிடையாது, சைகை கிடையாது. எப்ப தயார்னு உங்களுக்குத் தோணுதோ, சொல்லுங்க.

– ம்... இப்ப.

– என்னண்ணே?

– சரியாத்தான்யா சொல்றா.

– குருட்டாம்போக்குல பட்டிருக்கும். இன்னொரு தரம் நில்லுங்க.

– இருங்க... இல்ல, வேற எதையோ நினைக்கிறார்... புதன்கிழமையை நினைக்கிறார்... விட்டுட்டார். இப்ப.

– யோவ், அதே நொடிய்யா! இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– பரீட்சை முடிஞ்சுதுண்ணே, துப்பாக்கி உங்களோடது. அண்ணி, மைதானத்துலயே கிடக்கிற ஆளுக்குக்கூட இது வராது. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் உங்களுக்குப் பழக நாளாகும்னு நினைச்சேன்.

– பழக என்ன தம்பி இருக்கு? காபிக்குச் சர்க்கரை பத்தலையா, கோபமா, தலைவலியா, எல்லாம் இந்தத் தோளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். என்னைப் பொறுத்தவரைக்கும் அவருக்கு அந்த ஆபரேஷன் கல்யாணமான வருஷமே ஆயிடுச்சு.